காவும் குளமும் காக்கும் அறம்

'கா' என்பது தமிழில் ஓரெழுத்தொருமொழி. பெயராய் நிற்குங்கால் அது சோலையைக் குறிக்கும். வினையாய் நிற்குங்கால் 'காப்பாயாக' என்னும் ஏவற்பொருள் தரும். தோளிற் சுமக்கும் காவுத்தடிக்கும் இப்பெயர் உண்டு. மரங்கள் செறிந்த இடத்தையும் காத்தற் றொழிலையும் சுமக்கும் கருவியையும் ஒரே எழுத்தால் வழங்கிய மொழி இது. சோலை என்பது காக்கப்பட வேண்டிய பொருள், காத்தல் என்பது சுமக்கப்பட வேண்டிய பொறுப்பு என்று மாணாக்கர்க்கு இச்சொல்லைக் கொண்டே பாடம் சொல்லிவிடலாம்.

திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்கோடிகா, திருக்குரக்குக்கா என வரும் பாடல்பெற்ற தலங்களின் பெயரீற்றில் நிற்பது இந்தக் காவே ஆகும். நாவுக்கரசர் பெருமான் அடைவு திருத்தாண்டகத்தில் தலங்களை அவற்றின் பெயரீறு பற்றி வகுத்தோதுகின்றார். அங்கே காடு என முடியும் தலங்களுக்கென்றே ஒரு திருப்பாட்டு அமைந்துள்ளது. திருமறைக்காடு, திருவாலங்காடு, திருவெண்காடு, தலையாலங்காடு, சாய்க்காடு முதலியன அதில் இடம்பெறுவன. சோழநாட்டில் ஒரே நாளில் வழிபடும் மரபினையுடைய ஐந்து தலங்கள் பஞ்சாரண்யம் எனப்படும். திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரதைப்பெரும்பாழி வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். கருவறையும் கோபுரமும் எழுவதற்கு முன்னரே அவ்விடங்களில் மரங்கள் நின்றன என்பதும், மரத்தடியிலேயே இறைவன் வெளிப்பட்டான் என்பதும் தலபுராணங்கள் ஒருமுகமாகக் கூறும் செய்தி.

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தில்லை மரத்தால் வந்தது. இன்று அம்மரத்தைக் காண விழைவோர் கோயில் நகரினின்று கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்துக்குச் செல்லுதல் வேண்டும். பெயர் ஊரில் இருக்கின்றது, மரம் ஊர்க்கு வெளியே இருக்கின்றது. இதனைக் குறையாக எண்ணுவார் சிலர். அங்கேனும் அது நிற்கின்றதே என மகிழ்வார் சிலர். இரண்டாவது கருத்தே ஏற்புடைத்து.

மறைக்காட்டுக்குத் தெற்கே கோடிக்கரையில் குழகர் கோயில் உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்குச் சென்றபோது, மனித நடமாட்டமற்ற காட்டில், கடற்காற்று வீசும் கரையில், துணையின்றித் தனியே எழுந்தருளியிருப்பது ஏனோ என்று இறைவனைப் பார்த்து மனம் நொந்து பாடினார். அக்காடு இன்றும் இருக்கின்றது. 1967ஆம் ஆண்டில் அது வனவுயிர்ப் புகலிடமாக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெளிமான்கள் மேய, வலசைப் பறவைகள் வந்திறங்க, சுந்தரர் கண்ட தனிமை ஒருவாறு காக்கப்பட்டு வருகின்றது. தேவாரப் பாடலுக்கு நிலமே உரையாக நிற்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

பழந்தமிழர் காட்டைத் தொட்டதே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. கரிகாற் சோழன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை புகழ்ந்தே பேசுகின்றது. காடு மிகுந்து கழனி குறைந்திருந்த காலம் அது. ஆயின் அதே பாட்டு, அவன் குளம் வெட்டி வளம் பெருக்கியதையும் உடன் கூறுகின்றது. அழித்த கையே ஆக்கவும் செய்தது. பிற்காலத்தார் முன்னதை மட்டும் கற்றுக்கொண்டனர்.

ஊர்ப்பொதுவைக் காத்த வாரியங்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக எல்லோரும் எடுத்துக்காட்டுவர். முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்ன பணி செய்தனர் என்பதை ஊன்றிப் பார்ப்பவர் குறைவு. முப்பது குடும்புகளினின்றும் முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஓராண்டுப் பணிக்கு எடுத்த முப்பதின்மருள் பதினெண்மரை, அதாவது ஐந்தில் மூன்று பங்கினரைத் தோட்டத்துக்கும் ஏரிக்குமே ஒதுக்கியது அந்தச் சபை. மேலும், சம்வத்சர வாரியத்துக்குரியோரைப் பிரிக்குங்கால், முன்னமே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் கொள்ள வேண்டும் என்று விதித்தது. தோட்டத்தையும் ஏரியையும் பேணிப் பழகியவர்க்கே ஊர் முழுவதையும் ஒப்படைக்கலாம் என்பது அவர்தம் கணிப்பு. முந்நூற்றறுபது நாள் பணி. இடையில் குற்றம் கண்டால் அக்கணமே நீக்கம்.

அவ்வூர்ப் பேரேரி வைரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. அதன் பராமரிப்புக்கெனத் தனியார் பலர் சபையாரிடம் பொன் வைத்தனர். சபையார் அப்பொன்னைச் செலவிட்டுவிடாது, அதன் பலிசை கொண்டு ஆண்டுதோறும் குழி வெட்டித் தூர் வாரினர். பலிசை என்பது வட்டி. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. பூந்தோட்டத்துக்கென விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம். அங்கே உழைத்தவர்கள் நந்தவனக் குடிகள். இவர்களுக்கு உணவுக்கும் உடைக்கும் இவ்வளவு நெல் என்று கல்வெட்டுகள் அளவிட்டுக் கூறுகின்றன. தோட்டத்தைக் கொடுத்தவர்கள் தோட்டக்காரனை மறக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

நிலத்தைக் கொடுக்கும் முறையும் அறியத்தக்கது. ஆனைமங்கலச் செப்பேடு, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு இராசராச சோழன் வழங்கிய நிலக்கொடையைக் கூறுவது. அதன்படி, பெண்யானை ஒன்றை நடத்தி நிலத்தின் எல்லையைச் சுற்றி வரச் செய்து, அந்த எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டனர். கல் அசையாது, கள்ளியோ வளரும், வெட்டினும் தழைக்கும். ஊரார் அனைவரும் யானையைப் பார்க்கக் கூடியிருப்பர். எனவே எல்லை எது என்பதற்கு ஊரே சான்று. கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கெல்லையும் எழுதி வைத்ததோடு அமையாது, மக்கள் கண்ணிலும் நினைவிலும் பதித்து வைத்தனர். சைவப் பேரரசன் புத்தப் பள்ளிக்குக் கொடுத்த நிலத்துக்கே இத்துணைக் காவல் செய்தான் என்பது தனியே எண்ணி மகிழத்தக்கது.

சாவா மூவாப் பேராடு

நந்தா விளக்கு ஒன்றுக்கு ஆடுகள் விடுதல் சோழர்காலப் பெருவழக்கு. பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து கொடுத்தல் வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு பெயரிடுகின்றது. ஆடு சாகாதா, மூப்படையாதா என்று இளைஞர் வினவுவர். ஓர் ஆடு சாகும். ஆயின் அதன் இடத்தில் குட்டி நிற்கும். தொண்ணூற்றாறு என்னும் கணக்கு மட்டும் குறையாது. கிழட்டு ஆட்டை விற்று இளைய ஆட்டை வாங்குதலும், ஈன்ற குட்டிகளைச் சேர்த்தலும் மன்றாடியின் கடமை. நெய் மட்டுமே செலவு, மந்தை முதல். இந்நாளில் மூலதனத்தைத் தொடாது வட்டியில் அறம் செய்யும் வைப்புநிதி முறை யாது கூறுகின்றதோ, அதனையே ஆட்டு மந்தையைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டினர்.

பூங்காவும் குளமும் இவ்வகை முதலேயாகும். நிழலும் நீரும் மலரும் அதன் நெய். வட்டியை உண்ணாது முதலையே உண்டுவிட்ட ஊர்கள் பல. ஏரியின் நீரைப் பயன்கொள்வதற்கு மாறாக ஏரி நிலத்தையே பயன்கொண்டன அவை. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன; கணக்கில் உள்ளனவெல்லாம் கரையோடும் கால்வாயோடும் உள்ளனவா என்பது வேறு வினா.

தானம் செய்தோர் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தனர். அதனாற்றான் கொடைக் கல்வெட்டின் இறுதியில் ஒரு வேண்டுகோளும் ஒரு சாபமும் வைத்தனர். சாபம் எல்லோரும் அறிந்ததே. இந்த அறத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது. வேண்டுகோள் அதனினும் உயர்ந்தது. இந்த அறத்தைக் காத்தவன் யாரோ, அவனுடைய திருவடி என் தலைமேல் என்று கொடையாளன் எழுதி வைக்கின்றான். கொடுத்தவன் அரசனாகவோ, அரசியாகவோ, படைத்தலைவனாகவோ இருக்கலாம். காக்கப்போகின்றவன் இன்னும் பிறவாதவன், பெயர் தெரியாதவன், எக்குலத்தான், எத்தொழிலான் என்று எவரும் அறியார். அவன் காலின் கீழ்த் தன் முடியை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகின்றான் கொடையாளன். ஈந்தவன் பெரியனா, காத்தவன் பெரியனா என்று பட்டிமண்டபம் நடத்துவோர் இந்தக் கல்வெட்டுத் தொடரை ஒருமுறை பார்த்தல் நலம். கோயில் மதிலில் எழுத்துகளைக் காணும் அன்பர்கள் அவற்றின் கடைசி வரியைத் தேடிப் பார்க்கலாம். அவ்வழி நடந்து செல்லும் எவர்க்கும் அந்த வணக்கம் உரியதாகலாம்.

தண்டியடிகள் எடுத்த மண்

திருவாரூரைப் பற்றிக் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று வழங்குவர். கோயிலுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் நீருக்கும், அவ்வளவு இடம் செங்கழுநீர் மலருக்கும். இந்த அளவு எப்போதும் காக்கப்பட்டதன்று, இடையில் குலைந்தது. அதனை மீட்டவர் பிறவியிலேயே கண்ணொளி இல்லாத ஓர் அடியவர் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கின்றார்.

தண்டியடிகள் காலத்தில், திருக்கோயிலின் மேற்றிசைக் குளத்தின் கரையெங்கும் வேறு இருக்கைகள் பெருகின. குளம் குறுகிற்று. தூர்ந்தும் போயிற்று. கண்ணுடையார் ஆயிரவர் அதனை நாள்தோறும் கண்டனர். ஒருவரும் ஒன்றும் செய்திலர். காணாதவராகிய அடிகள் அதனை உள்ளத்தால் உணர்ந்து, இதனைத் தோண்டுவேன் என்று துணிந்தார். குளத்தின் நடுவே ஒரு தறி நட்டார். கரையில் மற்றொரு தறி நட்டார். இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் இட்டு, மீண்டும் கயிற்றைத் தடவியே ஏறிக் கரையில் கொட்டினார். வாய் ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருந்தது.

மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும், ஆதலின் இது தகாது என்று கரையில் இருந்தோர் தடுத்தனர். இது நல்லறம் என்று அடிகள் மறுமொழி கூறினார். கண்ணில்லாதவனுக்குக் காதும் இல்லையோ என எள்ளினர். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். நட்ட தறிகளையும் பிடுங்கினர். அடிகள் இறைவனிடம் முறையிட்டார். செய்தி அரசனிடம் சென்றது. அரசன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழுந்த அடிகள் கண்பெற்றார் என்பதும், அரசன் குளக்கரையை மீட்டுக் குளத்தை முற்றத் திருத்துவித்தான் என்பதும் புராண வரலாறு.

கற்போர் இதனுள் அற்புதத்தை மட்டும் கண்டு அமைவர். அதற்கு முன் நடந்தவற்றையும் காண்க. அரசன் வருவதற்கு முன், ஆணை பிறப்பதற்கு முன், ஒருவர் ஒரு கூடை மண் எடுத்தார். மறுநாளும் எடுத்தார். ஐந்து வேலிக் குளத்தை ஒருவர் கூடையால் தோண்டி முடித்தல் இயலாது என்பது அடிகள் அறியாததன்று. நிலக்கொடை அளிக்கப் பொருளில்லாதவர், கண்ணில்லாதவர், அவர் கொடுத்த கொடை உழைப்பு. அறுபத்து மூவருள் அவரை வைத்து வணங்குதற்கு அதுவே போதியதாயிற்று. இன்றைய கமலாலயத் திருக்குளத்தின் படியில் கால் நனைப்போர், அந்தக் கயிற்றை நினைவிற் கொள்க.

நாவுக்கரசர் கையில் உழவாரப்படையும் இவ்வாறே வந்தது. வைணவ மரபிலும் இத்தகையோர் உளர். பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்தவர்கள். இராமாநுசர் திருமலைக்குச் சென்று மலர்த்தொண்டு புரிய வல்லார் யார் என்று வினவ, அனந்தாழ்வான் முன்வந்தார். மலைமேல் தோட்டமிட்டு ஆசாரியர் பெயரையே அதற்குச் சூட்டினார். ஏரி வெட்டுங்கால் அவர் மண் தோண்ட, கருவுற்றிருந்த மனைவியார் மண் சுமந்தார். உதவ வந்த சிறுவனை வேண்டா என்று விலக்கினார். மீண்டும் வந்தபோது சினந்து கடப்பாரையை எறிந்தார். அது பட்ட இடம் வேங்கடவன் திருமோவாய் என்றும், அதனாலேயே அங்குப் பச்சைக்கருப்பூரம் சாத்தப்படுகின்றது என்றும் கூறுவர். அக்கடப்பாரை இன்றும் திருமலைக் கோயில் வாயிலில் காணக்கிடைக்கின்றது. தோட்டவேலைக் கருவி ஒன்று கோயில் வாயிலில் காட்சிப்பொருளாகத் தொங்குதல் அரிய சிறப்பு.

இலக்கியச் சான்றுகள் விரிப்பிற் பெருகும். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் நீர்நிலை அமைத்தலே மறுமைக்கும் வெற்றிக்கும் புகழுக்கும் வழியென அறிவுறுத்தியதைப் புறநானூற்றில் காணலாம். சமண முனிவராகிய காரியாசான் தம் சிறுபஞ்சமூலத்தில், குளம் வெட்டிச் சுற்றிலும் மரம் நட்டு, மக்கள் செல்ல வழியமைத்து, வயலாக்கி, பொதுக்கிணறும் தோண்டியவன் இனிதே துறக்கம் புகுவான் என்கின்றார். ஐந்தும் ஊர்ப்பொதுவுக்குரியன என்பது காண்க.

கடல் கடந்த ஒரு சான்று

இங்கிலாந்து நாட்டில் 1895ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஏழைகளின் வீட்டு நலத்துக்கு உழைத்த ஆக்டேவியா ஹில் அம்மையாரும், வழக்கறிஞர் ஒருவரும், சமயகுரு ஒருவரும் அதனைத் தொடங்கியோர். முதற்கொடை, வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் குன்றின்மீது ஃபேனி டால்பட் அம்மையார் அளித்த நாலரை ஏக்கர் நிலம். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவ்வறக்கட்டளை விற்கலாகாதென அறிவித்த நிலத்தை விற்க இயலாதாயிற்று. தேவதானத்தை விற்கலாகாது என்று நம் முன்னோர் கல்லில் வெட்டியதன் ஆங்கில வடிவம் அது.

1902ஆம் ஆண்டில் ஓர் ஏரிக்கரைக் காட்டைக் காக்க மக்களிடம் நிதி திரட்டப்பட்டபோது, ஷெஃபீல்டு நகரத் தொழிலாளி ஒருவர் ஒரு சிறு தொகையை அனுப்பினார். அந்த ஏரிகளைக் காண வாழ்நாளெல்லாம் விரும்பியும் தமக்கு வாய்க்கவில்லை, இனி வாய்க்கப் போவதுமில்லை, பிறர் காணவேனும் அவை இருக்கட்டும் என்பது அவர் எழுதியதன் கருத்து. பிறவாதவன் அடியைத் தலைமேற் கொண்ட கல்வெட்டு மொழியும் இத்தொழிலாளியின் மொழியும் வேறல்ல.

நம் நாட்டிலும் கோயில்காடுகளுக்கு இப்போது சட்டக்காவல் கிட்டத் தொடங்கியுள்ளது. ஐயனாருக்கும் வீரனுக்கும் உரிய காட்டில் சுள்ளியும் ஒடிக்கலாகாது என்ற அச்சமே இதுகாறும் அவற்றைக் காத்து வந்தது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ், 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடும் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு ஐந்து எக்டேருக்கும் சற்றுக் குறைவே. அளவு சிறிதென்று அன்பர்கள் எண்ணுதல் வேண்டா. ஊர்க்கு ஒன்று அத்துணை இருந்தாலே போதும்.

அன்பர்கள் செய்யத்தக்கவை

திருப்பணிக்குப் பொருள் தருவோர் இன்று குறைந்திலர். ஆயின் கண்ணுக்குத் தெரிவனவற்றிலேயே கருத்து செல்கின்றது. வளைவு, கல் பதித்த தரை, கவசம் என்றால் உபயதாரர் பலர் வருவர். குழல்விளக்கில் எழுதிய உபயதாரர் பெயரே அதன் ஒளியை மறைப்பது எல்லோரும் கண்ட காட்சி. தூர் வாரிய குளத்தில் பெயர் எழுத இடமில்லை. நீர் நிரம்பியவுடன் செய்த பணியே மறைந்துவிடும். களை பறித்த நந்தவனத்தின் நிலையும் அதுவே. ஆதலின் இவற்றுக்குக் கொடுக்க ஒருபடி மிகுந்த மனம் வேண்டும்.

கொடுக்குங்கால் பொதுவாகக் கொடுத்தல் வேறு, இன்ன பணிக்கு எனக் குறித்துக் கொடுத்தல் வேறு. குறித்துக் கொடுப்பதே கட்டளை. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்று, குறித்த கொடைக்குத் தனி விளக்கம் தருகின்றது. திருக்குளம் தூர்வாருதல், வரத்துக்கால் செப்பனிடுதல், நந்தவன வேலி, தோட்டப் பணியாளர் ஊதியம், தலமரத்தின் கன்று வளர்த்தல் எனப் பணியை எழுத்தில் குறித்து, அலுவலகத்தில் உரிய இரசீது பெறுக. ஒரே தடவையில் பெருந்தொகை தர இயலாதோர், ஆண்டுக்கொரு நாள் கட்டளையாகச் சிறு தொகை வைக்கலாம். நால்வர் அறுவர் கூடி ஒரு கட்டளை அமைத்தலும் பழைய வழக்கமே. மரக்கன்று நடுவோர், மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவோர் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு நடுக. நட்ட நாளில் நிழற்படம் எடுத்துக்கொண்டு சென்றபின் வாடிய கன்றுகள் கணக்கில.

நிலமாகக் கொடுப்போர் புல எண்ணும் நான்கெல்லையும் தெளிய எழுதிப் பத்திரம் பதிவு செய்க. யானைக்கு மாற்றாக இந்நாளில் நில அளவையர் வருவார்; கல் நடுவதை ஊரார் முன்னிலையிற் செய்தல் நன்று. மேற்கூறிய சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்கவோ, அடைமானம் வைக்கவோ, மாற்றிக்கொள்ளவோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ ஆணையரின் முன் இசைவு வேண்டும். இன்றேல் அது செல்லாது. ஆக்கிரமிப்பை அகற்றுதற்கு 78ஆம் பிரிவு வழி கூறுகின்றது. திருக்குளக் கரையிலோ நந்தவனத்திலோ புதுச்சுவர் எழுவதைக் காணும் அன்பர் அதனைச் செயல் அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்தல், ஒரு கூடை மண் எடுத்தலுக்கு நிகரான பணி. சட்டம் தானே நடந்து வந்து குளக்கரையில் நிற்பதில்லை.

பொருள் தர இயலாதார் மாதம் ஒரு ஞாயிறு உழவாரத் திருக்கூட்டத்தோடு சேர்ந்து கொள்ளலாம். அரிவாளும் கூடையும் கொண்டு வருவோர் வரவேற்கப்படுவர். பரிகாரம் என்று பழந்துணியைக் குளத்தில் விடுதலையும், நெகிழிப் பையோடு பொரி கொண்டு வருதலையும் நிறுத்தினாலே பாதித் தூர் குறையும். கோடையில் வற்றிய குளத்தினின்று எடுக்கும் வண்டல் வீண்போவதன்று. அதனை நந்தவனத்துப் பாத்திகளுக்கு எருவாக இடலாம். சாத்திக் களைந்த மாலைகளையும் நார் நீக்கி அங்கேயே மூலையில் குழிவெட்டிப் புதைத்தால் ஆறு திங்களில் மக்கிவிடும். அடுத்த பங்குனிக்கு முன் அப்பாத்தியில் நந்தியாவட்டையும் அரளியும் பூத்து நிற்கும்.